கண்ணில் படாத டேப் டிரைவ்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பேக்கப் (கோப்புகளின் காப்புப் பிரதி) பற்றி எழுதியபோது, அந்தப் பிரதியைக் காந்த நாடாவில் எழுதிவைக்கும் டேப்பைப் பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி சொல்லியிருந்தேன். வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் அந்த நான்கு வரியைத் தவிர வேறு எதையும் யாரும் படிக்கவில்லையோ என்று சந்தேகம் வருகிறது. எழுதியவர்களில் பலர் டிரைவை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, அதைச் சர்வரோடு சேர்த்துவைக்க முடியாமல் தவிக்கிறார்கள். எனவே இந்த முறை முழுக்க அந்தப் பொருத்தம் பார்க்கும் வேலைதான்.

இன்னுமா டேப் இருக்கிறது? கேசட் காலத்தோடு போய்விடவில்லையா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பாட்டு கேசட் போய்விட்டது, இது போகவில்லை. இன்று எல்லோரும் வாங்குவது எல்டிஓ என்ற வகை. ஐபிஎம், ஹெச்பி, சீகேட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது, 2000இல் முதல் தலைமுறை வந்தபோது ஒரு கார்ட்ரிட்ஜில் (நாடா சுற்றிய பெட்டி) 100 ஜிபி. 2021இல் வந்த எல்டிஓ-9இல் 18 டெராபைட். உள்ளே இருப்பது அதே அரை அங்குல நாடாதான்.

2011 பிப்ரவரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மென்பொருள் கோளாறால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் அஞ்சல்பெட்டி காலியாகிவிட்டது. கூகுள் பல டேட்டா சென்டர்களில் பிரதி வைத்திருந்தும், கோளாறு அந்தப் பிரதிகளையும் சேர்த்தே தின்றது. கடைசியில் அஞ்சல்களை மீட்டது டேப்பிலிருந்து. அலமாரியில் எந்தக் கேபிளும் இல்லாமல் கிடக்கும் பொருளைக் கோளாறாலும் தொட முடியாது, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேராலும் தொட முடியாது. நமக்கும் அந்த ஒரு காரணம் போதும்.

வீடியோ எடிட்டிங் ஸ்டூடியோ நடத்துகிறேன். கல்யாண வீடியோக்களைச் சேமித்து வைக்கப் பழைய எல்டிஓ-6 டிரைவ் ஒன்றை, வெளியே வைத்து சாஸ் என்ற இணைப்பில் மாட்டும் வகை, வாங்கினேன். சர்வரில் ஏற்கெனவே ஒரு ரெய்டு கார்டு இருக்கிறது, அதிலேயே சாஸ் போர்ட்டும் இருக்கிறது. மாட்டினால் டிரைவில் விளக்கு எரிகிறது, சர்வரில் எதுவும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா சார்? (கோவை)

ஏமாறவில்லை. டிரைவைத் திருப்பிக் கொடுக்கப் போய்விடாதீர்கள், பெரும்பாலும் குற்றவாளி அந்தக் கார்டுதான்.

ரெய்டு என்றால் நம் ஊரில் வருமான வரித்துறை நினைவுக்கு வரும். இந்த ரெய்டும் கிட்டத்தட்ட அப்படித்தான், வீட்டுக்குள் வரும் எல்லாவற்றையும் கைப்பற்றித் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும். பல ஹார்டு டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க்காகச் சர்வருக்குக் காட்டுவதுதான் அந்தக் கார்டின் பிழைப்பு. சாஸ் கேபிளில் பேசப்படுவது ஸ்கஸி என்ற பழைய மொழி. அதில் சாதனம் மாட்டப்பட்டதும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று 'நீ யார்?' என்பது. டிஸ்க் என்றால் 0 என்று பதில் வரும், டேப் என்றால் 1. தன் கையால் கார்ட்ரிட்ஜ் மாற்றும் ரோபோ என்றால் 8 (இந்த 8 கீழே வேறொரு கடிதத்தில் திரும்ப வரும்). உங்கள் டிரைவ் '1' என்று ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கும். 0 இல்லாத யாரையும் பல ரெய்டு கார்டுகள் கண்டுகொள்வதே இல்லை, சர்வருக்கும் சொல்வதில்லை. டேப்பை அனுமதிக்கும் ரெய்டு கார்டுகளும் சில உண்டு, ஆனால் உங்கள் கார்டின் கையேட்டில் டேப் ஆதரவு என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள்.

உங்களுக்கு வேண்டியது ஹோஸ்ட் பஸ் அடாப்டர், சுருக்கமாக ஹெச்பிஏ. எந்தப் புத்திசாலித்தனமும் காட்டாமல் வந்ததை வந்தபடி சர்வரிடம் கொடுக்கும் கார்டு. பழைய பொருள் சந்தையில் எல்எஸ்ஐ 9207-8இ நன்றாகவே கிடைக்கும், உங்கள் எல்டிஓ-6க்கு அது தாராளம். கடைசியில் உள்ள 'இ' வெளிப்பக்கப் போர்ட்டைக் குறிக்கும். அந்த இடத்தில் 'ஐ' இருந்தால் போர்ட் கார்டின் உள்பக்கம் இருக்கும், கேபிளை வெளியே கொண்டுவர வழியில்லாமல் விழிப்பீர்கள். இதே வகைக் கார்டிலும் ஐடி, ஐஆர் என்று இரண்டு ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) உண்டு, ஐடி இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து கேபிள். வெளிப்பக்கச் சாஸில் இரண்டு வாய் புழக்கத்தில் உள்ளன: பழையது எஸ்எஃப்எஃப்-8088, மினி சாஸ் என்பார்கள், புதியது எஸ்எஃப்எஃப்-8644, மினி சாஸ் ஹெச்டி. 9207-8இ கார்டில் இருப்பது 8088, அதற்கு அடுத்த தலைமுறை 9300-8இ கார்டில் 8644. ஒரு முனை இப்படி, மறு முனை அப்படி என்று கேபிள் கிடைக்கும், பயப்பட வேண்டாம். டிரைவின் முதுகைத் திருப்பிப் பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு அப்புறம் கடைக்குப் போங்கள். மாடல் பெயரை வைத்து ஊகித்து வாங்கியவர்கள் மறுநாளும் கடைக்குப் போகிறார்கள். நீளம் இரண்டு மீட்டர் போதும். மாட்டும்போது 'க்ளிக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பாதி மாட்டிய நிலை, ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது, நீங்கள் டிரைவைச் சந்தேகிப்பீர்கள்.

கார்டைப் பெரிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் போடுங்கள், டிரைவுக்கு முதலில் கரன்ட் கொடுத்து, அது தன்னைச் சோதித்து முடித்ததும் சர்வரை ஆன் செய்யுங்கள். லினக்ஸில் 'எல்எஸ்ஸ்கஸி' என்ற கட்டளையில் 'டேப்' என்று ஒரு வரி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் தனித் தலைப்பில் வரும், டிரைவ் தயாரித்தவர்களின் டிரைவர் மென்பொருளைப் போட்டுவிடுங்கள். ஆனால் விண்டோஸோடு வரும் சர்வர் பேக்கப்பைத் திறந்து டேப்பைத் தேடாதீர்கள். 2008 பதிப்பிலேயே மைக்ரோசாஃப்ட் அதில் டேப்பைக் கைவிட்டுவிட்டது.

உங்கள் தேவைக்கு எல்டிஎஃப்எஸ் என்ற முறையைப் பாருங்கள். எல்டிஓ-5 வந்த 2010இலிருந்து இருக்கிறது, டேப்பை ஒரு ஃபோல்டர் போலக் காட்டும், கல்யாணத் தேதி போட்டு இழுத்துவிடலாம். ஃபோல்டர் போலத் தெரிவதாலேயே அதிலிருந்து நேராக எடிட் செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கோப்புக்கும் நாடா முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான மீட்டர் ஓட வேண்டியிருக்கும்.

இன்னொன்று. பெட்டியில் 6.25 டெராபைட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். அது இரண்டரை மடங்கு சுருக்கினால் வரும் கணக்கு. வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டது, மேலும் சுருங்காது. உங்களுக்கு ஒரு கார்ட்ரிட்ஜில் 2.5 டெராபைட்தான், அதை நிரப்ப முழு வேகத்திலேயே நாலரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும்.

சாஸ் டிரைவைச் சாட்டா போர்ட்டில் மாட்டலாமா? யுஎஸ்பி கன்வெர்ட்டர் போதாதா? (ஈரோடு)

இரண்டுக்கும் இல்லை. சாஸ் கார்டில் சாட்டா டிஸ்க்கை (சாதாரணக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் வகை) மாட்டலாம், தலைகீழாக முடியாது. கடையில் கிடைக்கும் யுஎஸ்பி கன்வெர்ட்டர்கள் சாட்டா டிஸ்க்குக்கானவை. லேப்டாப்தான் இருக்கிறது என்றால், சில லேப்டாப்களில் உள்ள தண்டர்போல்ட் என்ற வேகமான போர்ட் வழி உண்டு, ஏட்டோ போன்றவர்கள் தண்டர்போல்டைச் சாஸாக மாற்றும் பெட்டி விற்கிறார்கள். விலையைக் கேட்டதும் ஒரு பழைய சர்வரே வாங்கிவிடலாம் என்று தோன்றும். தோன்றினால் வாங்கிவிடுங்கள்.

லினக்ஸ் சர்வரில் தினமும் 'டார்' கட்டளையில் டேப்புக்கு பேக்கப் எடுக்கிறேன். பிழை எதுவும் வருவதில்லை. நேற்று முந்தின வாரத்துக் கோப்பு ஒன்றைத் தேடினால், டேப்பில் கடைசி நாள் மட்டும்தான் இருக்கிறது. மற்றவை எங்கே போயின? (சென்னை, சிறு நிறுவனத்தில் சிஸ்டம் அட்மின்)

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் இதே தப்பை என் முதல் வேலையில் நானே செய்திருக்கிறேன். 11 இரவுகள் 'பேக்கப் வெற்றி' என்று லாக் பார்த்து நிம்மதியாகத் தூங்கினேன். 12ஆம் நாள் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு கோப்பைக் கேட்டு வந்தார்கள், டேப்பில் இருந்தது ஒரே ஒரு இரவு.

லினக்ஸில் ஒரே டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு. (டிஸ்க்கின் பெயரையும் டேப்பின் பெயரையும் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல விழுகின்றன, அதனால் டேப்பை 'எஸ்டீ' என்று நீட்டி எழுதுகிறேன்.) 'எஸ்டீ0' என்ற பெயரில் எழுதினால், வேலை முடிந்ததும் டிரைவ் நாடாவைத் தானாக முதலுக்குச் சுற்றிவிடும். 'என்எஸ்டீ0' என்று எழுதினால் நின்ற இடத்திலேயே நிற்கும். முன்னால் உள்ள 'என்' சுற்றாதே என்பதற்காக. நீங்கள் எஸ்டீ0வைப் பயன்படுத்தியிருப்பீர்கள். ஒவ்வொரு இரவும் முந்தைய இரவின் தலைமேலேயே எழுதியிருக்கிறது. அதில் பிழை என்று சொல்ல டிரைவுக்கு எதுவும் இல்லை, சொன்னதைச் செய்தது.

சரி, 'என்' சேர்த்தால் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து மீண்டும் போட்டால் நாடா முதலில்தான் நிற்கும். ஆகவே எழுதும் முன், நாடாவை நகர்த்தும் 'எம்டி' கட்டளையில் 'ஈஓடி' கொடுத்து ஏற்கெனவே எழுதியது முடியும் இடத்துக்குப் போய்விட்டு எழுதுங்கள். டேப்பின் நடுவில் எழுதினால் அங்கேதான் தரவு முடிகிறது என்று டிரைவ் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின்னால் இருப்பவை நாடாவில் இருந்தும் இல்லாததுபோலத்தான், சாதாரண வழியில் திரும்ப எடுக்க முடியாது. உங்கள் பழைய இரவுகளும் அதே கதைதான், வருந்துகிறேன்.

இரண்டு டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. 0, 1 என்ற எண்கள் சர்வரை மறுபடி ஆன் செய்யும்போது இடம் மாறலாம். 'டெவ்' அடைவுக்குள் 'டேப்', அதற்குள் 'பை-ஐடி' என்று ஓர் இடத்தில் டிரைவின் வரிசை எண்ணோடு பெயர் இருக்கும். ஸ்கிரிப்டில் அதைப் போடுங்கள்.

எங்கள் எல்டிஓ-8 டிரைவ் நொடிக்கு 300 எம்பி எழுதும் என்றார்கள். 40, 50ஐத் தாண்டுவதில்லை. டிரைவுக்குள் 'சர்ர்... டக்... சர்ர்' என்று சத்தம் வேறு. இரண்டு முறை கேபிள் மாற்றிவிட்டோம். (திருச்சி)

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவந்ததற்கு நன்றி, அதிலேயே விடை இருக்கிறது. உங்கள் கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது. டிரைவுக்குப் பசி, நீங்கள் போதுமான அளவுக்குப் பரிமாறவில்லை.

டேப் நாடா ஓடிக்கொண்டே எழுதும் சாதனம். தரவு வரவில்லை என்றால் நிற்க வேண்டும். ஆனால் வேகத்தில் வரும் டவுன் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்பதுபோல, விட்ட இடத்தைத் தாண்டித்தான் நிற்கும். பிறகு ரிவர்ஸ் எடுத்து, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி வேகம் பிடித்து, சரியாக விட்ட இடத்தில் எழுதத் தொடங்க வேண்டும். இது நிமிடத்துக்குப் பல முறை நடந்தால் வேகம் போகும், நாடாவும் அதில் எழுதும் தலையும் தேயும். ஷூவுக்குப் பாலிஷ் போடும் துணிபோல நாடா முன்னும் பின்னும் போவதால் இதை ஷூ ஷைனிங் என்பார்கள். டிரைவ் தன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்தான், ஆனால் அதற்கும் ஒரு தரை உண்டு. எல்டிஓ-8க்கு அது ஏறக்குறைய நொடிக்கு 100 எம்பி. அதற்குக் கீழே போனால் நின்று நின்றுதான் ஓடும்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், தரவு இன்னொரு சர்வரிலிருந்து 1 கிகாபிட் நெட்வொர்க்கில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எவ்வளவு முயன்றாலும் நொடிக்கு 110 எம்பி சுற்றித்தான் வரும், அதுவும் பெரிய கோப்பாக இருந்தால். லட்சக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகள் என்றால் 40தான். குழாயில் சொட்டும் தண்ணீரை வைத்துக்கொண்டு தீயணைப்பு வண்டி ஓட்டுகிறீர்கள்.

வழி இதுதான். டேப் மாட்டிய சர்வரிலேயே ஒரு எஸ்எஸ்டியோ நாலைந்து டிஸ்க் சேர்த்த ரெய்டோ வையுங்கள் (மேலே ரெய்டைத் திட்டியது டேப் விஷயத்தில் மட்டும்). நெட்வொர்க்கில் வருவது மெதுவாக அங்கே வந்து சேரட்டும், சேர்ந்த பிறகு ஒரே மூச்சில் அங்கிருந்து டேப்புக்கு. சின்னக் கோப்புகளை முதலில் பெரிய மூட்டையாகக் கட்டிவிடுங்கள். நடுவில் 'எம்பஃபர்' போன்ற கருவியை வைத்து சில ஜிபி நினைவகத்தில் தேக்கி அனுப்பினால் இன்னும் நல்லது.

பிளாக் அளவையும், அதாவது ஒரு தடவையில் எழுதும் துண்டின் அளவையும், பாருங்கள். 'டார்' தானாக எடுத்துக்கொள்வது 10 கேபி, எல்டிஓவுக்கு அது பொரிகடலை. 256 அல்லது 512 கேபி கொடுங்கள், கொடுத்த அளவைக் கார்ட்ரிட்ஜின் லேபிளில் எழுதிவையுங்கள். நாளை வேறொருவர் குறைந்த அளவைக் கொடுத்து வாசித்தால், லினக்ஸ் 'நினைவகம் ஒதுக்க முடியவில்லை' என்று சம்பந்தமே இல்லாத பிழையைக் காட்டும். டேப் கெட்டுவிட்டது என்று நினைத்து நல்ல கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

வேகம் குறைந்ததும் தினம் ஒரு முறை கிளீனிங் கார்ட்ரிட்ஜ் போடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நிறுத்துங்கள். டிரைவ் தானே விளக்கு எரித்துக் கேட்கும்போது போட்டால் போதும். அந்தக் கார்ட்ரிட்ஜுக்கும் 50 முறை சுமார் ஆயுள், தேவையில்லாமல் போட்டால் தலையும் தேயும்.

எங்கள் அச்சகத்தில் 90களின் காலண்டர் டிசைன்கள் டிஎல்டி டேப்பில் இருக்கின்றன. டிரைவும் பரணில் இருக்கிறது. 68 ஊசி உள்ள பெரிய கேபிள். இன்றைய கம்ப்யூட்டரில் மாட்ட முடியுமா? (சிவகாசி)

முடியும், அவசரப்படாவிட்டால். டிஎல்டி என்பது எல்டிஓவுக்கு முந்தைய டேப் வகை, உங்கள் கேபிள் பழைய பேரலல் ஸ்கஸி. இப்போதைய போர்டுகளில் பழைய பிசிஐ ஸ்லாட்டே இருக்காது, எனவே அந்த ஸ்லாட் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தேடிப் பிடியுங்கள்.

கார்டு வாங்கும் முன் டிரைவின் பின்பக்க லேபிளைப் படியுங்கள். 'டிஃபரன்ஷியல்' அல்லது 'ஹெச்விடி' என்று இருக்கிறதா? அந்தக் காலத்து டிஎல்டி டிரைவுகள் இரண்டு வகையாகவும் வந்தன, கேபிள் வாய் ஒன்றேதான், மின்னழுத்தம் வேறு. ஹெச்விடி டிரைவைச் சாதாரணக் கார்டில் மாட்டினால் வேலை செய்யாது, இரண்டில் ஒன்று எரிந்துபோகவும் வாய்ப்புண்டு. சாதாரண வகை என்றால் அடாப்டெக் 29160 நல்ல கார்டு, ஹெச்விடி என்றால் அடாப்டெக் 2944யுடபிள்யு. இரண்டுக்கும் லினக்ஸில் டிரைவர் மென்பொருள் உண்டு, விண்டோஸ் 10இல் மல்லுக்கட்டாதீர்கள்.

இந்தக் கேபிளில் எல்லாச் சாதனங்களும் ஒரே தெருவில் குடியிருப்பவை, ஆளுக்கு ஒரு கதவு எண் வேண்டும். கார்டு வழக்கமாக 7ஐ எடுத்துக்கொள்ளும். டிரைவின் பின்னால் உள்ள சின்னச் சுவிட்சில் 4 அல்லது 5 வையுங்கள். தெருவின் இரண்டு கோடியிலும் டெர்மினேட்டர், அதாவது சிக்னல் முட்டித் திரும்பி வராமல் தடுக்கும் மூடி, இருந்தாக வேண்டும். கார்டுப் பக்கம் அது தானாக இருக்கும், டிரைவின் காலியாக உள்ள இரண்டாவது வாயில் நீங்கள் மாட்ட வேண்டும். அந்தக் குட்டிப் பொருளைப் பரணில் தேடுங்கள், அது இல்லாமல் டிரைவ் தெரிந்தும் தெரியாமலும் கண்ணாமூச்சி ஆடும்.

மாட்டியதும் டிசைன் டேப்பைப் போட்டுவிடாதீர்கள்! இருபது முப்பது வருடம் சும்மா கிடந்த டிரைவ் நாடாவைத் தின்னலாம். முதலில் போனாலும் பரவாயில்லை என்ற டேப் ஒன்றைப் போட்டு, ஏற்றி இறக்கிப் பாருங்கள். டிசைன் டேப்களின் முன்பக்கத்தில் எழுதாதே சுவிட்ச் இருக்கும், எல்லாவற்றிலும் அதைத் தள்ளிவிட்ட பிறகுதான் டிரைவ் பக்கம் போக வேண்டும். அப்புறம் இந்த டேப்களை எந்த மென்பொருளில் எழுதினார்கள் என்று பழைய ஆட்களை விசாரியுங்கள். மேக்கில் எழுதியது என்றால் ரெட்ரோஸ்பெக்ட்டாக இருக்க நிறைய வாய்ப்பு. கேபிளும் கார்டும் சரியாக அமைந்து, மென்பொருள் தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

24 கார்ட்ரிட்ஜ் போடும் டேப் லைப்ரரி வாங்கினோம். டிரைவ் தெரிகிறது, ரோபோ தெரியவில்லை. ரோபோவுக்குத் தனிக் கேபிள் வாங்க வேண்டுமா? (மதுரை)

வேண்டாம். இந்த அளவு லைப்ரரிகளில் ரோபோவுக்குத் தனியாகக் கேபிள் கிடையாது, டிரைவின் முதுகிலேயே சவாரி செய்கிறது. ஒரே முகவரியில் டிரைவ் லன் 0, ரோபோ லன் 1 (லன் என்பது முகவரிக்குள் உள்ள துணை எண்). அதாவது ஒரே வீட்டில் கீழ் மாடி, மேல் மாடி. கார்டு கீழ் மாடியோடு திரும்பிவிட்டால் மேலே ஆள் இருப்பதே தெரியாது. ஹெச்பிஏ அமைப்பில் பல லன்களைப் பார்க்கும் வசதி இருக்கிறதா, ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கோவைக்காரருக்குச் சொன்ன ரெய்டு கார்டு கதை உங்களுக்கும் பொருந்தும், சில கார்டுகள் 1 என்ற டேப்பை ஏற்றுக்கொண்டு, 8 என்ற ரோபோவைத் தள்ளிவிடும்.

இரண்டு டிரைவ் உள்ள லைப்ரரி என்றால் எந்த டிரைவ் ரோபோவைச் சுமக்கிறது என்பதை லைப்ரரியின் மெனுவில் 'கன்ட்ரோல் பாத்' என்ற இடத்தில் சொல்லியிருப்பார்கள். அந்த டிரைவின் கேபிள் வேறு சர்வரில் இருந்தால் ரோபோவும் அங்கேதான் இருக்கும். தெரிந்த பிறகு லினக்ஸில் 'எம்டிஎக்ஸ்' கட்டளையில் எந்த ஸ்லாட்டில் எது என்று பட்டியல் எடுத்துப் பாருங்கள். ரோபோவின் கை அசைவதை முதல் முறை பார்க்கும்போது ஆபீஸே வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் சேனல் டிரைவ் ஒன்று, சர்வர் இரண்டு. இரண்டிலும் தெரிகிறது. ஆனால் பேக்கப் நடுவில் திடீரென்று அறுந்துபோகிறது. (சிங்கப்பூர்)

ஃபைபர் சேனல் என்பது சர்வர்களையும் டிரைவையும் ஒரு சுவிட்ச் வழியாக இணைக்கும் முறை. இரண்டிலும் தெரிவதுதான் நோயே. ஒரு சர்வர் எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று, நலம் விசாரிப்பதாக நினைத்துக்கொண்டு, ரீசெட் அனுப்பினாலோ முதலுக்குச் சுற்றினாலோ எழுதியவன் கதை முடிந்தது. டிஸ்க் இதைத் தாங்கும், டேப் தாங்காது, ஏனென்றால் நாடா எங்கே நிற்கிறது என்பதுதான் அதன் முழு நினைவு. சுவிட்சில் ஸோனிங் செய்து, ஒரு ஸோனில் ஒரு சர்வர் போர்ட் மட்டும் இருக்கும்படி பிரித்துவிடுங்கள். டிஸ்க் ஸ்டோரேஜும் டேப்பும் சர்வரில் ஒரே ஹெச்பிஏ போர்ட்டைப் பகிர வேண்டாம். இரண்டு சர்வரும் டிரைவைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால், முன்பதிவு செய்து பகிரத் தெரிந்த பேக்கப் மென்பொருள் ஒன்றே இரண்டையும் ஆள வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. கார்டைப் புதுப்பிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள், மிகப் புதியதை வாங்கிவிடாதீர்கள். ஃபைபர் சேனல் கார்டு பொதுவாகத் தனக்கு முந்தைய இரண்டு வேகம் வரைதான் இறங்கி வரும். உங்கள் டிரைவ் 8 கிகாபிட். 16, 32 கிகாபிட் கார்டுகள் அதோடு பேசும், 64 கிகாபிட் கார்டு 16க்குக் கீழே இறங்காது. விலை அதிகம் கொடுத்து மௌனத்தை வாங்குவீர்கள்.

எங்களிடம் எல்லாச் சர்வரும் விஎம்வேரில்தான். டேப்பை எப்படிக் கொடுப்பது? (பெங்களூர்)

கொடுக்காதீர்கள். ஹெச்பிஏவை அப்படியே விஎம்முக்குள் (நிஜச் சர்வருக்குள் மென்பொருளால் ஓடும் கற்பனைச் சர்வர்) தள்ளும் வழிகள் உண்டு, ஓடவும் செய்யும், ஆனால் பிரச்சினை வரும் நாளில் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரு பழைய நிஜச் சர்வரை ஒதுக்கி அதில் டேப்பை மாட்டுங்கள். வீம் போன்ற பேக்கப் மென்பொருள்கள் அதை டேப் சர்வராக வைத்துக்கொள்ளும். விஎம்கள் எரிந்துபோகும் நாளிலும் அந்தப் பெட்டி தனியாக நிற்கும்.

பழைய எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜ்கள் ஐம்பது இருக்கின்றன. புது எல்டிஓ-8 டிரைவில் ஓடுமா? (சேலம்)

ஓடாது. எல்டிஓ-7 வரை, இரண்டு தலைமுறை பின்னால் வாசிப்பது வழக்கமாக இருந்தது. எல்டிஓ-8இல் தலையின் தொழில்நுட்பம் மாறியதால் ஒரு தலைமுறைதான், அதாவது எல்டிஓ-7. எல்டிஓ-9, எல்டிஓ-8ஐ ஏற்கும். 2025இல் வந்த எல்டிஓ-10 முந்தைய எதையும் ஏற்காது. உங்களுக்கு எல்டிஓ-7 டிரைவ் பொருத்தம்: 6ஐ வாசிக்கும், எழுதவும் செய்யும். பழைய டிரைவை விற்றுவிடாதீர்கள்.

புது எல்டிஓ-9 டிரைவ், புது கார்ட்ரிட்ஜ். போட்டதும் அரை மணி நேரமாக ஏதோ செய்துகொண்டே இருக்கிறது, சர்வர் 'தயாராக இல்லை' என்கிறது. கரன்டை நிறுத்தி மறுபடி போடலாமா? (புதுச்சேரி)

தொடாதீர்கள். புது எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜ் முதல் முறை உள்ளே போகும்போது டிரைவ் அந்த நாடாவுக்கு ஏற்பத் தன்னை அளந்து பொருத்திக்கொள்ளும். சராசரியாக 40 நிமிடம், சில சமயம் இரண்டு மணி நேரம் வரை. ஒரு கார்ட்ரிட்ஜுக்கு ஒரு முறைதான். பேக்கப் மென்பொருள் பொறுமையிழந்து பிழை காட்டினால் அதன் காத்திருப்பு நேரத்தைக் கூட்டிவையுங்கள். புதுக் கார்ட்ரிட்ஜ்களை மொத்தமாக வாங்கியிருந்தால், பேக்கப் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்துவிடுங்கள். கார்ட்ரிட்ஜ்கள் குளிர்ந்த அறையிலிருந்தோ வெயிலில் நின்ற வண்டியிலிருந்தோ வந்திருந்தால், ஒரு நாள் முழுக்க சர்வர் அறையிலேயே கிடக்கட்டும், மறுநாள் போடலாம்.